எட்டாம் வகுப்பு சென்னைச் சுற்றுலா: 150 ரூபாய் போதும்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

போன வருடச் சுற்றுலாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வேன் வாடகை, தீம் பார்க் டிக்கெட், ஹோட்டல் சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1,100 ரூபாய் ஆனது. ஒன்பது பிள்ளைகள் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்த ஒரு பையன், நாங்கள் காலையில் வேனில் கிளம்பும்போது டீக்கடை பக்கத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் இல்லை, காசு இல்லை, அவ்வளவுதான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி 42 பேரும் வர முடிகிற சுற்றுலாதான் போவோம், இல்லையென்றால் போகவே வேண்டாம் என்று.

அதனால் பிப்ரவரி முதல் சனிக்கிழமை சென்னைக்குப் போகிறோம், வேன் கிடையாது, ரயிலில். சனிக்கிழமை ஏன் என்றால் எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள் விடுமுறை, அதோடு சனிக்கிழமை காலை மின்சார ரயிலில் ஆபீஸ் கூட்டமும் குறைவு.

போன வாரம் நானும் பி.இ.டி. சாரும் இந்த வழியிலேயே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். செங்கல்பட்டு வரை டவுன் பஸ், பெண் பிள்ளைகளுக்கும் அம்மாக்களுக்கும் டிக்கெட் இல்லை. மின்சார ரயில் செங்கல்பட்டிலிருந்தே கிளம்புகிறது என்பதால் ஏழு மணிக்குப் போய் ஏறினால் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைக்கும், எழும்பூருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், ஆளுக்கு 20 ரூபாய்கூட ஆகாது. 12 வயது தாண்டியவர்களுக்கு அரை டிக்கெட் கிடையாது, முழு டிக்கெட்தான், அதற்கே இவ்வளவுதான் செலவு. காலை இட்லியை ரயிலிலேயே சாப்பிட்டுவிடலாம்.

எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து மியூசியத்துக்கு நடந்தே போகலாம். 1851-இல் தொடங்கியது. பிள்ளைகள் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிடுவார்கள், தெரியும், ஆனால் நான் அவர்களைக் கூட்டிப்போக நினைப்பது வெண்கலச் சிலைகள் இருக்கும் பகுதிக்கு. திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். சமூக அறிவியல் புத்தகத்தில் தபால்தலை அளவுக்கு அச்சடித்திருக்கும் சோழர் கால வேலைப்பாட்டை நேரில் பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு மாதிரி இருக்கும். பள்ளிக் கடிதம் கொண்டுபோவதால் டிக்கெட் செலவு பெரிதாக இருக்காது.

அப்புறம் மெட்ரோ. இதைக் கேட்காத பிள்ளை இல்லை. எழும்பூரிலிருந்து சென்ட்ரல் ஒரே ஒரு ஸ்டேஷன், 10 ரூபாய், சுரங்கத்துக்குள் போய் ஏறி இறங்கினால் முடிந்தது. மின்சார ரயிலிலேயே இன்னும் மலிவாகப் போயிருக்கலாம். இருந்தாலும் இந்தச் சுற்றுலாவில் நாம் செய்யும் ஆடம்பரம் இது ஒன்றுதான், விட்டுவிடுங்கள்.

சென்ட்ரலுக்கு எதிரில் பறக்கும் ரயில் ஏற வேண்டும். அங்கே பூங்கா, பூங்கா நகர் என்று இரண்டு ஸ்டேஷன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, நாங்களே ஒருமுறை மாறிப் போய் நின்றோம். பூங்கா நகரில் ஏறி நேராகக் கோட்டூர்புரம், அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறந்தது, ஒன்பது மாடி, உள்ளே போகக் காசு கிடையாது. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. வெயில் நேரத்தை அங்கே கழித்துவிடலாம் என்பது என் கணக்கு, புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டால் சிலரைக் கிளப்புவதுதான் கஷ்டம்.

மதியச் சாப்பாடு நம் வீட்டுப் புளியோதரை. அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய்தானே என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் ஐம்பது பேர் போய் வரிசையில் நின்றால், அதை நம்பித் தினமும் வருகிறவர்களுக்கு இல்லாமல் போகும். அது வேண்டாம்.

சாயங்காலம் மறுபடியும் பறக்கும் ரயில், கலங்கரை விளக்கம் ஸ்டேஷன். லிப்டில் மேலே போய்க் கடலையும் ஊரையும் பார்த்துவிட்டு, மெரினா ஓரமாக உழைப்பாளர் சிலை வரை நடக்கிறோம், கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். நடுவில் ஆளுக்கு ஒரு பொட்டலம் சுண்டல். சேப்பாக்கத்தில் ரயில் ஏறினால் இரவு ஒன்பது மணிக்குள் ஊர் வந்துவிடலாம்.

கடல் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். மெரினாவில் அலை உள்ளே இழுக்கும், நீச்சல் தெரிந்தவர்களே போயிருக்கிறார்கள். கால் நனைக்கலாம், அதுவும் ஆசிரியர் பக்கத்தில் நின்றால் மட்டும். அதேபோல ரயில் வாசலில் யாரும் நிற்கக் கூடாது. வீட்டிலேயே ஒருமுறை சொல்லி அனுப்புங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

வண்டலூர் மிருகக்காட்சி சாலை ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அது அவ்வளவு பெரிய இடம், ஒரு நாள் முழுக்க அதற்கே போய்விடும். இன்னொரு வருடம் அதற்கென்றே தனியாகப் போகலாம்.

பயணம், நுழைவு, சுண்டல் எல்லாம் சேர்த்து 150 ரூபாய் வாங்குகிறோம். மிச்சம் இருந்தால் திருப்பித் தருவோம். கொடுக்க முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டோம். தயவுசெய்து காய்ச்சல் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

யூனிஃபார்மில் வரட்டும், கூட்டத்தில் கண்டுபிடிக்க அதுதான் வசதி. புதுச் செருப்பு வேண்டாம், கடிக்கும். கைச்செலவுக்கு 50 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள், செல்போன் வேண்டவே வேண்டாம், எங்கள் மூன்று பேரிடமும் போன் இருக்கும். பெண் பிள்ளைகள் பையில் நாப்கின் வைத்து அனுப்புங்கள், தேவைப்படாவிட்டாலும் பரவாயில்லை.

ஆறு பேருக்கு ஒரு பெரியவர் என்று ஏழு குழு. ஆசிரியர்கள் மூன்று பேர் இருக்கிறோம், இன்னும் நான்கு அம்மாக்கள் வேண்டும். வர முடிந்தவர்கள் சம்மதக் கடிதத்தோடு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள், புளியோதரை யார் வீட்டில் கிளறுவது என்பதையும் அங்கேயே பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
தலைமையாசிரியை