ராஜா இல்லாத கோட்டையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான வேலூர்ப் பயணக் கட்டுரை, ‘சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு’ என்று தொடங்குகிறது. இந்த நையாண்டியை நாற்பது ஆண்டுகளாகச் சம்பந்தி வீட்டார் வாயில் கேட்டுச் சிரித்து மழுப்பியவன் நான். தங்கள் இதழில் அச்சாகிக் கண்டபோதுதான் சிரிக்க முடியவில்லை. ஆற்றைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. பாலாற்றை அன்றாடம் பார்க்கிறவன். மற்ற இரண்டையும் விட முடியாது.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் வெறும் கல்லாக நின்ற காலத்தை நான் அறிவேன். ஏழாம் வகுப்பில் பள்ளியிலிருந்து அழைத்துப் போனபோது, கல்யாண மண்டபத்து யாளிகளைப் பார்த்து வாய்பிளந்துவிட்டுக் கருவறைப் பக்கம் போனோம். வௌவால் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினோம். படைகள் ஆயுதக் கிடங்காகப் பயன்படுத்திய அந்த இடத்தில், சத்துவாச்சாரியில் காத்துவைத்திருந்த லிங்கத்தை 1981 மார்ச் 16 அன்று மீண்டும் நிறுவினார்கள். சில நாள் கழித்து அம்மாவோடு போனேன். அவர் கும்பிட மறந்து எரிகிற விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை ஆண்டுகளாகப் பூசை நடக்கும் கோயிலைச் சாமி இல்லாத கோயில் என்று எழுத, கட்டுரையாளர் உள்ளே போகாமலேயே இருந்திருக்க வேண்டும்.

ராஜா விஷயத்துக்கு வருகிறேன். பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள் எழுப்பிய இக்கோட்டை பிஜப்பூர்ப் படை, மராத்தியர், மொகலாயர், ஆங்கிலேயர் எனக் கைமாறி வந்ததைத் தாங்கள் அறியாதவர் அல்லர். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவருடைய மக்களையும் பெண்டிரையும் காவலில் வைத்தது இங்கேதான். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் 1816-இல் கொண்டுவந்ததும் இங்கேதான். பதினாறு ஆண்டுகள் கைதியாக இருந்து 1832-இல் இதே ஊரில் காலமானார். பாலாற்றங்கரையில் அவர் சமாதி இருக்கிறது. ராஜா இல்லாமல் இல்லை, ஐயா. ராஜாவை வெளியே விடாத கோட்டை இது.

1806 ஜூலை 10 விடியலுக்கு முன் நடந்த சிப்பாய்ப் புரட்சிக்குக் கட்டுரையாளர் அரை வாக்கியம் ஒதுக்கியிருக்கிறார். ‘தலைப்பாகைத் தகராறு’ என்பது அவர் சூட்டிய பெயர். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை அணிந்தே தீர வேண்டும் என்று உத்தரவிட்டு, மறுத்தவர்களைக் கசையால் அடித்ததற்குத் தகராறு என்றா பெயர்? ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தபின், அரண்மனைக்குள் ஒளிந்திருந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டதும் இதன் விளைவே. பின்னாளில் அவரே தலைமை ஆளுநராகத் திரும்பி வந்து, உடன்கட்டை ஏறும் வழக்கத்தை ஒழித்தவர் என்று பாடநூலில் இடம்பிடித்தார். நானும் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். 1857-க்கு ஐம்பத்தோராண்டு முன்பே உயிர்விட்டவர்களுக்கு அன்று என் பாடநூலில் ஒரு பத்தி. தங்கள் இதழில் இன்று அரை வரி. முன்னேற்றம்தான்.

அந்த அரை வரிக்குப் பிறகு ஒரு முழுப் பத்தி கோட்டைப் புல்வெளியின் குளிர்ந்த காற்றுக்கும் கடலை வண்டிக்கும் போயிருக்கிறது. காற்று நன்றாகத்தான் இருக்கும்; மறுக்கவில்லை. ஆனால் என் தாய்மாமன் போலீஸ் பயிற்சி பெற்றதும், அருங்காட்சியகத்தில் என் பேரன் பீரங்கிக் குண்டைத் தொட்டுப் பார்க்க அடம்பிடித்ததும் அதே மதிலுக்குள்தான். கோட்டை ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு வேலை செய்து வந்திருக்கிறது. காற்று வாங்க மட்டும் 133 ஏக்கரில் அகழி தோண்டி யாரும் மதில் எழுப்பவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கோயிலில் சாமி இருக்கிறார், கோட்டையில் ராஜா இருந்தார் என்று அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போதும். விளம்பரத்துக்கு இடம் போதாதென்றால் ஒரு வரியிலும் அடக்கலாம்.

2006-இல் புரட்சியின் இருநூறாம் ஆண்டுக்கு அஞ்சல்தலை வெளியானபோதும் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இன்றுவரை அது பிரசுரமாகவில்லை. அன்று வாங்கிய அஞ்சல்தலைகளில் கடைசி ஒன்றை இந்த உறையில் ஒட்டியிருக்கிறேன். கிழிக்காமல் பிரிக்கச் சொல்லுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
சலவன்பேட்டை, வேலூர்.