மலிவு விமானக் கட்டணமும் தரையில் நிற்கும் நேரமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குறைந்த கட்டண விமானம் என்றதும் தண்ணீருக்குக் கூடக் காசு கேட்பதைத்தான் பலரும் குறை சொல்கிறார்கள். மிச்சம் பிடிக்கும் இடம் அது அல்ல. விமானம் தரையில் நிற்கும் நேரத்தில்தான் இருக்கிறது கணக்கு.

இண்டிகோ போன்ற நிறுவனங்கள் தரையிறங்கிய விமானத்தை அரை மணி நேரத்தில் மறுபடி கிளப்பப் பார்க்கின்றன. பயணிகளை முன்கதவு, பின்கதவு இரண்டிலும் இறக்குவார்கள். இருக்கைப் பைகளில் கிடக்கும் குப்பையை விமானப் பணியாளர்களே எடுத்துவிடுவார்கள். ஓவன் கிடையாது, டப்பாவில் வெந்நீர் ஊற்றித் தரும் உப்புமா அதனால்தான். சமையலறையில் மிச்சமாகும் இடம் இருக்கையாகிறது. ஏ320 விமானத்தில் 180 இருக்கைகளை 186 ஆக்கினாலும் பணியாளர் நால்வரே போதும், 50 இருக்கைக்கு ஒருவர் என்பதுதான் விதி. ஒரு நாளில் ஆறு முறை பறக்கும் விமானம் இடையில் ஐந்து முறை நிற்கும். ஒவ்வொரு முறையும் 25 நிமிடம் மிச்சமானால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். சென்னையிலிருந்து மும்பைக்கு இன்னொரு நடை போகலாம். விமானத்தின் வாடகையோ நின்றாலும் பறந்தாலும் ஒன்றுதான்.

மாலை விமானங்கள் தாமதமாவதற்கும் இதுவே காரணம். காலையில் ஒரு ஊரில் பனியால் நாற்பது நிமிடம் போனால், இடையில் ஈடுகட்ட நேரம் இல்லாமல் அது இரவு வரை தொடரும். அவசர வேலை இருப்பவர்கள் அதிகாலை முதல் விமானத்தைப் பிடிப்பது நல்லது.

வாடகை என்றேனே, அது தனிக் கதை. நூற்றுக்கணக்கில் ஆர்டர் கொடுத்துப் பெரும் தள்ளுபடியில் வாங்கி, கைக்கு வந்ததும் குத்தகை நிறுவனத்திடம் லாபத்துக்கு விற்று, அதே விமானத்தைச் சில ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுப்பார்கள். பெரிய பராமரிப்புச் செலவு வருமுன் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் வாடகை டாலரில். இன்ஜின் கோளாறால் விமானங்கள் நின்றபோது கோ ஃபர்ஸ்ட் என்ற விமான நிறுவனம் தாக்குப்பிடிக்காமல் 2023 மே மாதம் சேவையை நிறுத்தியது.

கூடுதல் பெட்டி, ஜன்னல் இருக்கை, கன்வீனியன்ஸ் கட்டணம் எல்லாம் டிக்கெட்டுக்கு மேல் வருகிற வரவு. பெட்டி 15 கிலோவைத் தாண்டும் என்று தெரிந்தால் முன்கூட்டியே இணையத்தில் கட்டுங்கள், கவுன்டரில் விலை கூடும். இருக்கைக்குக் காசு கொடுக்க விருப்பமில்லையா, தேர்வு செய்யாமல் விடுங்கள். ஏதோ ஒன்று, பெரும்பாலும் நடு இருக்கை, கிடைக்கும். கவுன்டரில் போர்டிங் பாஸ் தரத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது.

பலர் கோட்டைவிடுவது டிக்கெட்டை ரத்து செய்யும்போதுதான். 'பணம் திரும்பாது' என்ற சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், பயணம் செய்யாவிட்டால் அரசு வரிகளும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. பணத்தைத் திருப்பித் தரத் தனிக் கட்டணமும் பிடிக்கக் கூடாது. ஏஜென்ட்டிடம் வாங்கிய டிக்கெட்டானாலும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. மலிவு டிக்கெட்டில் இந்த வரிப் பகுதி கணிசமானது, ஆனால் நாமாகக் கேட்டால்தான் பல நேரம் வருகிறது. ரத்து செய்யும் பக்கத்திலேயே அந்தத் தொகையைத் தனியாகக் காட்டும்படி டிஜிசிஏ உத்தரவிட வேண்டும்.

– வாசகர், பல்லாவரம்