ஜீப்புக்குத் தகடு அடிக்கமுன் உட்பக்கத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக விதைப்பு நெருங்க நெருங்க மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கராஜ்களில் ஒரு வேலை கூடிவிடும். படுவான்கரை வயல்களுக்கு ஓடும் ஜீப்புகள், கிரான், உன்னிச்சைப் பக்கம் மாட்டுப் பட்டிக்குப் போய்வரும் டபிள் கப்கள், பாணமையிலிருந்து ஒகந்தை வழியாகக் குமணவுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் சபாரி வண்டிகள் என்று எல்லாவற்றுக்கும் பொடியின், அதாவது வண்டியின் வெளி உடலின், கீழ்ப்பகுதியில் புடைத்த கோடுகள் உள்ள செக்கர் பிளேட் தகடு அடித்துத் தரும்படி கேட்கிறார்கள். கிறவல் கல், மரக்குற்றி, முள்ளுப் பற்றை எல்லாவற்றையும் பார்த்தால் கேட்பது நியாயம்தான். ஆனால் பல இடங்களில் தகட்டை உண்மையிலேயே "அடித்து"த்தான் விடுகிறார்கள். பொடியோடு ஒட்ட வைத்து, சுற்றிவரக் கழற்ற முடியாத பொப் ரிவெட் ஆணி போட்டு, ஓரமெல்லாம் சிலிக்கன் பூசி முடித்துவிடுகிறார்கள். வெளியே பளபளவென்று இருக்கும். இரண்டு மாரி கழித்துக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பொடி இருக்காது.

இது ஏன் நடக்கிறது என்பதையும், எப்படிப் போட்டால் நடக்காது என்பதையும் வண்டிக்காரர்கள் அறிந்திருப்பது நல்லது. மாரிக்கு முன் இதைப் பிரசுரித்தால் உதவியாக இருக்கும்.

முதலில் ஒரு தவறான எண்ணம். பொடித் தகட்டின் தடிப்பு பெரும்பாலான வண்டிகளில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அதன்மேல் 3 மில்லிமீற்றர் தகடு பூட்டினால் கீறல், சிறு கல், முள் ஆகியவற்றைத் தாங்கும். வண்டியின் முழுப் பாரமும் ஒரு பாறையிலோ வேர்க்குற்றியிலோ குந்தினால் தகடும் உள்ளே போகும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பொடியும் கூடவே போகும். யானை தள்ளுவதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. பாறையில் குந்தும் இடங்களுக்குப் போகிறவர்களுக்குத் தேவை, பொடியைத் தாங்கும் சேசிஸில் பூட்டிய இரும்புப் பக்கச் சட்டம். தகடு வேறு வேலைக்கு, சட்டம் வேறு வேலைக்கு. ஜக்கைத் தகட்டில் கொடுத்துத் தூக்கிக் கதவடிப் பெட்டியை, அதாவது கராஜில் சில் பெனல் என்கிறதை, மடித்துக்கொண்டு வருகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்தவர்கள்தான்.

இனி எந்தத் தகடு என்பது. 3 மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 23.5 கிலோ. அதே தடிப்பில் அலுமினியம் 8 கிலோவுக்குச் சற்றுக் கூட. மேல்பக்கக் கோடுகளின் பாரம் இதற்கு மேலே. இரண்டு பக்கமும் சில் பெனல், பின் மூலைகள் இரண்டு, கதவுகளின் கீழ்ப்பாதி என்று கூட்டினால் இரண்டு சதுர மீற்றர் சுலபமாக வந்துவிடும். அதாவது இரும்பில் 47 கிலோ, அலுமினியத்தில் 16 கிலோ அளவு. கதவுக்கு இரும்புத் தகடு போடவே வேண்டாம். பிணைச்சல் தேய்ந்து கதவு தொங்கிவிடும், பிறகு பூட்டு விழாது. கதவுக்கு 1.5 அல்லது 2 மில்லிமீற்றர் அலுமினியம் போதும்.

அலுமினியம் பாரத்தில் வெல்லும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு, இடையில் உப்புத் தண்ணீர் இருந்தால் அது ஒரு சின்னப் பற்றரி. அதில் கரைந்து போவது அலுமினியம். பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். அதன் பொடி அலுமினியக் கலவை, சேசிஸும் முன் தடுப்புச் சுவரும் இரும்பு. இரண்டும் சேருகிற விளிம்புகளில்தான் வெள்ளை மா போன்ற தூள் உதிரும். அலுமினியத் தகட்டுக்கு நாகப்பூச்சில்லாத இரும்பு போல்ட் போட்டாலும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டை நேரே முறுக்கினாலும், துவாரத்தைச் சுற்றி அதே வெள்ளை மா வரும். போல்ட்டின் தலைக்குக் கீழே நைலோன் வொஷர் ஒன்று, துவாரத்துக்குள் நைலோன் புஷ் ஒன்று போட்டால் இரண்டு உலோகமும் தொடாது. ஒரு வண்டிக்கு நாற்பது, ஐம்பது வொஷர் தேவைப்படும். செலவு சிறியது, ஆனால் முதலில் வெட்டப்படும் செலவும் அதுதான்.

நம் பகுதியில் உப்பு எல்லா இடத்திலும் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மணலில் ஓடும் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவுகிறோம் என்பார்கள். கரையோரத்தில் சில கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. குழாய்த் தண்ணீரோ நல்ல தண்ணீர்க் கிணறோ வேண்டும். தண்ணீரைத் தகட்டின் மேலே அடிப்பதில் பயனில்லை, கீழ் விளிம்பிலிருந்து உள்ளே போகும்படி அடிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் சிலிக்கன் பற்றிய வாதம் வரும். "சுற்றிவர அடைத்துவிட்டால் தண்ணீர் எப்படிப் போகும்?" என்று கேட்பார்கள். போகும். கச்சான் காற்றுக் காலத்து வெயிலில் தகடு நீளும், இரவில் சுருங்கும். 25 பாகையிலிருந்து 65 பாகைக்குச் சூடானால் ஒன்றரை மீற்றர் நீள அலுமினியத் தகடு ஏறக்குறைய 1.4 மில்லிமீற்றர் நீளும், பின்னால் இருக்கும் இரும்புப் பொடி அதில் பாதிதான் நீளும். மிச்சம் அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. ஒவ்வொரு நாளும் இந்த இழுபறி நடந்தால் எந்த ஒட்டும் ஓரிடத்தில் விட்டுவிடும். பிறகு தண்ணீர் மயிரிழை வெடிப்பால் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. வினாகிரி மணம் வரும் சாதாரண சிலிக்கன் என்றால் இன்னும் மோசம், அது காயும்போது விடும் அமிலமே உலோகத்தை அரிக்கும். கட்டாயம் ஏதாவது பூசத்தான் வேண்டுமென்றால் வாகனத்துக்கான பொலியுரேத்தேன் ஒட்டை மேல் விளிம்பில் மட்டும் பூசுங்கள். கீழ் விளிம்பும் இரு பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

எங்கள் தீர்ப்பு இதுதான்: பொடிக்கும் தகட்டுக்கும் நடுவே 5 மில்லிமீற்றர் இடைவெளி விட வேண்டும், தகடு ஸ்பானரால் கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும். சேறு உள்ளே போகட்டும், தண்ணீர் அடித்தால் வெளியே வந்துவிடும். இடைவெளிக்கு நைலோன் துண்டு நல்லது. தடித்த பொலித்தீன் பலகையில், அதாவது சமையலறையில் மரக்கறி வெட்டும் வெள்ளைப் பலகையில், வட்டம் வட்டமாக வெட்டி எடுத்தாலும் சரி. சைக்கிள் டியூப் வேண்டாம். சூட்டில் வெடித்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பூட்டும் முறை. முதலில் சில் பெனலைக் கழுவிக் காயவிட்டு, ஸ்குரூடிரைவரின் பிடியால் நீளத்துக்கும் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு "ணங்" என்னும், கறள் பிடித்தது "தொப்" என்னும். தொப் என்ற இடத்தை வெட்டி ஒட்டுப் போடாமல் அதன்மேல் தகடு பூட்டுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவது போல. கீழ்ப்பக்கத்தில் இருக்கும் வடிகால் துவாரங்களை எண்ணிச் சோக்கட்டியால் குறித்துவிடுங்கள். புதுத் தகடு அவற்றில் ஒன்றைக்கூட மூடக் கூடாது. கதவின் அடியிலும் அப்படித்தான், கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அதால்தான் வெளியே போகிறது.

பிறகு கடதாசி அட்டையில் அச்சு வெட்டுங்கள். கதவைத் திறந்து மூடி, முன் சில்லுகளை இரண்டு பக்கமும் முழுதாக முறித்துப் பார்த்து அட்டையைத் திருத்துங்கள். தகட்டில் திருத்துவதைவிட இது மலிவு. தகட்டின் மூலைகளை 10 மில்லிமீற்றராவது வட்டமாக வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்க வேண்டும். கல்முனைக் கடைத்தெருவில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் உரசிக்கொண்டு போகும் இடத்தில் கூர் மூலை ஒருவரின் காலைக் கிழித்துவிடும்.

துளை போடமுன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதில் அவசரப்படுவோர் அதிகம். பல வண்டிகளில் டீசல் ஊற்றும் குழாய் பின் மூலைத் தகட்டுக்குப் பின்னாலேயே வரும். உள்ளே கால் வைக்கும் படியின் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே வயர்க் கட்டு ஓடும். பக்க எயார் பேக் உள்ள புதிய டபிள் கப்களில் நடுத்தூணிலோ கதவுக்குள்ளோ மோதலை அறியும் சென்சர் இருக்கும், அந்தப் பக்கம் துளையும் வேண்டாம், தடித்த தகடும் வேண்டாம். வெல்டிங் வேலை என்றால் பற்றரியின் இரண்டு வயரையும் கழற்றி, ஏர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே பூட்ட வேண்டும்.

துளைகளுக்கு நடுவே 150 மில்லிமீற்றர், விளிம்பிலிருந்து 20 மில்லிமீற்றர் என்ற கணக்கு நன்றாக நிற்கும். பொடியில் ரிவெட் நட், அதாவது துளைக்குள் இறுகி நின்று போல்ட்டைப் பிடிக்கும் நட், போடுவதே சிறந்தது. 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்கான ரிவெட் நட்டுக்குப் பொதுவாக 9 மில்லிமீற்றர் துளை. முதலில் 3 மில்லிமீற்றர் பிட், பிறகு படிப்படியாகத் தடிக்கும் படி பிட். துளை அரை மில்லிமீற்றர் பெருத்தாலும் நட் சேர்ந்து சுழலும், பிறகு போல்ட்டைக் கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது. துளை போட்டவுடன் உலோகத் துகளை வக்கூமால் இழுத்துவிடுங்கள். பெயின்ட்டின் மேல் விழுந்த துகள் ஒரே இரவில் கறளாகி, காலையில் மிளகாய்த்தூள் தூவியது போலச் சிவப்புப் புள்ளியாக நிற்கும். சில் பெனலுக்குள் விழுந்தது கண்ணில் படாமலே அரிக்கும். துளை விளிம்புக்கு நாகம் கலந்த பிரைமர் தொட்டு, அது ஈரமாக இருக்கும்போதே நட்டைப் போடுங்கள். சிவப்பு ஒக்சைட் அடித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கடற்கரைக்கு அது போதாது.

தகட்டில் நடுத் துளையை மட்டும் அளவாகப் போட்டு, மற்றவற்றை நீளவாக்கில் 9 மில்லிமீற்றர் வரை நீட்டிவிடுங்கள். மேலே சொன்ன நீளுதலுக்கு இடம் வேண்டும். இறுக்கும்போது நடுவிலிருந்து இரு பக்கமும் போக வேண்டும். மெல்லிய பொடியில் 6 முதல் 8 நியூட்டன் மீற்றருக்கு மேல் முறுக்கத் தேவையில்லை, சின்ன ஸ்பானரைக் கை மணிக்கட்டால் திருப்பும் அளவுதான். கிறவலில் ஓரிரு நூறு கிலோமீற்றர் ஓடியபின் எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், இரண்டொன்று தளர்ந்திருக்கும். கடைசியாகச் சில் பெனலின் உட்பக்கத்துக்கு மெழுகு ஸ்பிரே அடிக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் பாதி வேலை.

பக்கச் சட்டம் போடுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பொடி றப்பரின் மேல் குந்தியிருக்கிறது, கரடுமுரடான வழியில் சேசிஸ் ஒரு பக்கம் முறுகும், பொடி இன்னொரு பக்கம் அசையும். ஆகவே சட்டத்தைச் சேசிஸில் மட்டும் பூட்டி, பொடியிலிருந்து 20 மில்லிமீற்றர் தள்ளி வைக்க வேண்டும். இரண்டிலும் சேர்த்துப் பிடித்தால் பொடி வெடிக்கும். பக்கத்துக்கு மூன்று கால்களுக்குக் குறையக் கூடாது. காலின் அடியில் 6 மில்லிமீற்றர் அடித்தகடு வைத்து, அதன் மூலைகளை வட்டமாக்கி, வெல்டிங்கைச் சேசிஸின் நீளவாக்கில் ஓட்டுங்கள். குறுக்கே மேலிருந்து கீழாக இழுத்த வெல்டிங்கின் ஓரத்தில்தான் சேசிஸ் பிளக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று ஜீஐ பைப்பை, அதாவது நாகம் பூசிய இரும்புக் குழாயை, எடுத்தால் நாகப்பூச்சை அரைத்து எடுத்துவிட்டு வெல்ட் பண்ணுங்கள், அந்த வெள்ளைப் புகை வெல்டருக்கு அன்றிரவே காய்ச்சலைக் கொடுக்கும்.

ஏற்கெனவே ரிவெட் அடித்துச் சிலிக்கன் பூசிய தகடு உள்ளவர்கள் அடுத்த மாரியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கீழ் வரிசையில் மூன்று ரிவெட்டைத் துளைத்தெடுத்து, ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை உள்ளே விட்டுப் பாருங்கள். காய்ந்த மண் மட்டும் வந்தால் தப்பிவிட்டீர்கள், கீழ் விளிம்பைத் திறந்துவிட்டு ஓடலாம். கம்பி ஈரச் சேற்றோடு கபிலச் செதில்களையும் கொண்டுவந்தாலோ, தகட்டின் மேல் விளிம்புக்கு மேலே பெயின்ட் அப்பளம் போலப் பொங்கியிருந்தாலோ முழுத் தகட்டையும் இறக்க வேண்டியதுதான். அறுவடைக்கு வயலுக்குள் இறங்கும் வண்டிகளில் புகைக்குழாய் ஓடும் பக்கத்தையும் அதே நேரம் பாருங்கள். தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே வைக்கோல் அடைந்து கிடந்தால் தீப்பிடிக்க அதிக நேரம் எடுக்காது.

இப்படிக்கு,
வாகன பொடி வேலை செய்வோர் சிலர்,
மட்டக்களப்பு - கல்முனை.