கூட வந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். கடந்த வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, இணையவழியாக நடந்த நிகழ்வொன்றில் கனடாவின் குடியுரிமை உறுதிமொழியை எடுத்துக்கொண்டேன். அதிகாரி கேட்டுக்கொண்டபடி, ஐந்து ஆண்டுகளாகக் கைப்பையை விட்டு அகலாதிருந்த நிரந்தர வதிவிட அட்டையைக் கமராவுக்கு முன்னே பிடித்துக் கத்தரிக்கோலால் வெட்டினேன். உறுதிமொழியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சொல்லி முடித்ததும், "அம்மா, முதலில் யாருக்குச் சொல்லப் போகிறீர்கள்?" என்று மகன் கேட்டான். ஒருவர் பெயரைச் சொல்லி நிறுத்த என்னால் முடியவில்லை. ஆகவேதான் இந்த மடல்.

2017 தை மாதத்தில் ஆறு வயது மகனுடன் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தேன். கணவர் நெடுந்தூரப் பாரவூர்தி ஓட்டுபவர். விமான நிலையத்திலிருந்து எங்களை ஸ்காபரோவில் தாம் வாடகைக்கு எடுத்திருந்த நிலக்கீழ் வீட்டுக்குக் கூட்டிவந்தவர், மூன்றாம் நாள் வன்கூவர் பக்கம் புறப்பட்டுவிட்டார். அவர்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. அந்த ஓட்டத்தில்தான் எங்கள் விமானச் சீட்டும் வீட்டு முற்பணமும் அடங்கியிருந்தன. ஆனால் அடையாள இலக்கம் எடுப்பது, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பது, வங்கிக் கணக்குத் திறப்பது என்று எல்லாமே அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் வந்து நின்றன. தொலைபேசியில் வழி சொன்னவர்கள் பலர். அவர்களுக்கும் நன்றி. ஆனாலும் மேலங்கியை மாட்டிக்கொண்டு என்னுடன் புறப்பட்டு வந்தவர்களை நினைக்கும்போதுதான் தொண்டை அடைக்கிறது.

அவர்களில் முதலாமவர் மேல்வீட்டு அம்மா. எங்களுக்கு அவர் உறவும் இல்லை, ஊரும் இல்லை. நான் வந்த நான்காம் நாள் காலை, தம் மகள் போட்டிருந்த நீல நிற மேலங்கியையும் பனிச்சப்பாத்தையும் கொண்டுவந்து படிக்கட்டில் வைத்துவிட்டு, அவற்றை அணியும் ஒழுங்கைச் சொல்லித் தந்தார். முதலில் தடித்த காலுறை, அடுத்துச் சப்பாத்து, பிறகு மேலங்கி, தொப்பி, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கையுறை. கையுறையை முதலில் போட்டுவிட்டால் மேலங்கியின் சிப்பை இழுக்க விரல் வராது. இதை எந்த வழிகாட்டிக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. அன்று அவர் என்னை மார்க்கம் வீதியில் 102ஆம் இலக்கப் பேருந்தில் ஏற்றி, மாற்றுச்சீட்டை ஓட்டுநரிடம் கேட்டு வாங்கப் பழக்கி, இறங்குமிடம் வருவதற்கு முன்பே மஞ்சள் கயிற்றை இழுக்கச் செய்தார். அரச அலுவலக வரிசையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் என் பக்கத்திலேயே இருந்தார். முழங்கால் நோவுள்ளவர் என்பதை அடுத்த மாதந்தான் அறிந்தேன்.

அந்த மாதம் மகனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. அப்போதெல்லாம் ஒன்ராறியோவில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு மாகாண மருத்துவக் காப்புறுதி கிடைக்க மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும்; 2020இல்தான் அந்தக் காத்திருப்பு நீக்கப்பட்டது. மருத்துவரிடம் போனால் எவ்வளவு கேட்பார்களோ என்று அஞ்சி, பனடோலும் ஈரத் துணியுமாக ஓர் இரவைக் கழித்தேன். விடிந்ததும் செய்தி அறிந்த மேல்வீட்டு அம்மா, மருத்துவக் காப்புறுதி அட்டை இல்லாதவர்களையும் பார்க்கும் சமூக சுகாதார நிலையம் ஒன்றுக்கு எங்களை அழைத்துச் சென்றார். மகனைப் பரிசோதித்து முடிந்ததும் நான் கைப்பையைத் திறந்தேன். அங்கிருந்த தாதி என் கையின்மேல் தன் கையை வைத்து, பையை மூடச் செய்தார். முகம் நினைவில்லாத அந்தப் பெண்மணிக்கும் இந்த மடலில் இடமுண்டு.

சீடர்ப்ரே நூலகத்தில் பணியாற்றிய அலுவலர், தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றனவா என்று நான் கேட்டபோது, விரலால் திசை காட்டாமல் இருக்கையிலிருந்து எழுந்து அலுமாரிவரை வந்தார். நூலக அட்டைக்குப் பணம் வேண்டாம் என்பதை நம்ப முடியாமல் இருமுறை கேட்டேன். இருமுறையும் ஒரே பொறுமையுடன் பதில் சொன்னார்.

அரசு இலவசமாக நடத்தும் ஆங்கில வகுப்பில் என் பக்கத்தில் அமர்ந்தவர் சிரியாவிலிருந்து வந்த ஒரு தாய். இருவருக்கும் தெரிந்த ஆங்கிலத்தைக் கூட்டினாலும் ஒரு கடிதம் தேறாது. அக்காலத்தில் உணவுப் பொதியிடும் வேலை ஒன்றில் சேர்ந்திருந்தேன். மூன்று வாரச் சம்பளத்தைத் தராமல் இழுத்தடித்தார்கள். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நான் விட்டுவிட நினைத்தேன். அந்தத் தாயோ வகுப்பாசிரியையிடம் அழுதே சொல்லிவிட்டார். ஆசிரியை தம் மதிய இடைவேளையில் என்னை இலவசச் சட்ட உதவி நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். கொடுக்காத சம்பளத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தொழில் அமைச்சில் முறையிடலாம் என்றும், அதற்குக் கட்டணமில்லை என்றும் அங்குதான் அறிந்தேன். பணம் வந்தது. ஊரில் கணிதம் படிப்பித்த எனக்கு, என் சம்பளத்தை நானே கணக்கிட்டு எழுதிய அந்தப் படிவம், பணத்தைவிடப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பின்னர் முதியோர் பராமரிப்புப் பயிற்சி பெற்றுப் பணியில் சேர்ந்தேன். 2020 வசந்த காலத்தில் ஒன்ராறியோவின் பராமரிப்பு இல்லங்கள் பட்ட துயரத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அந்த நாட்களில் ஒவ்வோர் இரவுப் பணி முடிவிலும் பேருந்து வரும்வரை என்னுடன் தரிப்பிடத்தில் நின்ற பிலிப்பைன்ஸ் நாட்டுத் தோழிக்கு மட்டும் என் வணக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய பேருந்து எதிர்ப்பக்கத்தில் நிற்பது. என்பொருட்டு அதைப் பலமுறை தவறவிட்டிருக்கிறார்.

மேல்வீட்டு அம்மா இப்போது மகனுடன் மொன்றியலில் இருக்கிறார். அவருக்கு இதை யாராவது வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். அம்மா, வருகிற மாதம் நாங்கள் மூவரும் உங்களைப் பார்க்க வருகிறோம். அந்த நீல மேலங்கி இன்றும் என்னிடம் இருக்கிறது. சிப்பை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நன்றியுடன்,
கீழ்வீட்டுப் பிள்ளை