காசிமேட்டில் வலை தைத்துக்கொண்டிருந்த ஐயாவுக்கு

சென்ற செவ்வாய் மாலை, கொட்டும் மழையில், காசிமேடு மீன்பிடித் துறைமுகம் அருகே என் ஸ்கூட்டர் நின்றுபோனது. அதை உங்கள் கொட்டகைக்குள் தள்ளி நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினீர்கள். அதற்கு நன்றி. ஆனால் இந்தப் பதிவு வண்டிக்காக மட்டும் இல்லை.

உங்கள் கழுத்தில் செபமாலையைப் பார்த்ததும், அப்பா இறந்த பிறகு கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன் என்று ஏனோ சொல்லிவிட்டேன். நீங்கள் உபதேசம் செய்யவில்லை (செய்திருந்தால் மழையிலேயே கிளம்பியிருப்பேன்). அந்தக் காலத்தில் ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கிக் கடலை அளந்த கதையைச் சொன்னீர்கள். இரு கைகளையும் விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய 6 அடி. "கயிறு தீர்ந்துபோகும், மகளே. கடல் அதற்குக் கீழேயும் இருக்கும்" என்றீர்கள்.

கிறிஸ்துவின் அன்புக்கு அகலம், நீளம், உயரம், ஆழம் என்று பைபிளில் எபேசியருக்கு எழுதிய பவுல், அது அறிவுக்கு எட்டாதது என்றும் சேர்த்தே சொன்னார். பலமுறை கேட்ட வாசகம்தான். உங்கள் விரிந்த கைகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

இன்னொன்றும் சொன்னீர்கள். இராயபுரத்துக்குப் பெயர் தந்த இராயப்பர், அதாவது இயேசுவின் சீடர் பேதுரு, தண்ணீரில் மூழ்கியபோது, ஆண்டவர் முதலில் கையைப் பிடித்தார்; கடிந்துகொண்டது பிறகுதான்.

பணம் நீட்டியபோது கோபப்பட்டீர்கள். மன்னியுங்கள், ஐயா. உங்கள் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் கொண்டுவருகிறேன்.