இரவுக்கு இரவு வேறு கச்சேரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்கக் கோடைக்கால இசைப் பயணங்கள் பற்றி வந்த கட்டுரையில் ஃபிஷ் (Phish) என்ற அமெரிக்க ராக் குழுவுக்கு ஒரு பத்தி கிடைத்திருந்தது. அதில் பாதி, கார் நிறுத்துமிடத்தில் வீசிய கஞ்சா வாடை. மீதி, 'ஒரே பாட்டை அரை மணி நேரம் இழுக்கிறார்கள், அதைக் கேட்க ஜனங்கள் ஊர் ஊராகப் பின்னாலேயே போகிறார்கள்' என்ற வியப்பு. ஏன் போகிறார்கள் என்று கட்டுரையாளர் யாரையும் கேட்கவில்லை. பல கோடைகளாக இந்தக் குழுவைக் கேட்டுவருகிறவன் என்ற முறையில் எனக்கு அது மனவருத்தம் தந்தது.

போகிறார்கள், ஏனென்றால் இன்று கேட்டது நாளைக்குக் கிடைக்காது. 1983இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் உருவான குழு இது. ட்ரே அனஸ்டாசியோ கிட்டார், மைக் கார்டன் பேஸ், ஜான் ஃபிஷ்மன் டிரம்ஸ். 1985இல் கீபோர்டுக்கு பேஜ் மெக்கானல் வந்தார். இன்றும் அதே நால்வர்தான். ஒவ்வொரு இரவும் பாடல் வரிசை மாறும். பாட்டில் எழுதிவைத்த பகுதி முடிந்ததும் மனோதர்மத்துக்குக் கதவு திறந்துகொள்ளும். அதற்குப் பிறகு எங்கே போகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

2013 ஜூலை 31ஆம் தேதிக் கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடைப் பயணத்தின் நடுவே, நெவாடா எல்லையில் தாஹோ ஏரிக்கரையில், ஹார்வீஸ் என்ற சூதாட்ட விடுதியின் திறந்தவெளி அரங்கம். இரண்டாம் பகுதியில் 'ட்வீஸர்' தொடங்குகிறது. 1992இல் வந்த ஆல்பத்தில் ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற பாட்டு. அன்று ஏறக்குறைய 37 நிமிடம் ஓடியது. ஆனால் அது இழுத்த 37 நிமிடம் அல்ல. முதலில் இருந்த முறுக்கான தாளம் மெல்லக் கரைந்து, கிட்டார் வெளிச்சமான இடத்துக்கு ஏறுகிறது. கீபோர்டு அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் திருப்புகிறது. ஓர் இடத்தில் நால்வரும் சட்டென்று நிறுத்தி இடைவெளி விடுகிறார்கள். கூட்டம் அந்த இடைவெளியில் 'வூ' என்று கத்துகிறது. அடுத்த சுற்றிலும் இடைவெளி, மறுபடியும் 'வூ'. சற்று நேரத்தில் ரசிகர்களின் குரலும் ஒரு வாத்தியம் ஆகிவிடுகிறது. ஒத்திகை பார்த்து இதைச் செய்ய முடியாது.

இதற்கு உழைப்பு இல்லையா என்றால், நிறைய. ஆரம்ப காலத்தில் இவர்கள் செய்த ஒரு பயிற்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் சின்னதாக ஒரு சொற்றொடரை வாசிப்பார். மற்ற மூவரும் அதை நகலெடுக்காமல், அதோடு பொருந்துகிற தங்கள் சொற்றொடரைத் தேட வேண்டும். மற்ற எல்லோரும் தேடி முடித்து நிலைகொண்டுவிட்டார்கள் என்று காதில் பட்டதும் 'ஹே' என்று சொல்ல வேண்டும். நால்வரும் சொன்ன பிறகுதான் அடுத்தவர் புதிதாக ஆரம்பிப்பார். தன் விரலைக் கவனிப்பதைவிடப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பதற்கான பயிற்சி அது. தாஹோவில் கேட்டது அந்த வருஷங்களின் பலன் என்றே நான் நம்புகிறேன்.

அப்புறம் 2017. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 6 வரை 13 இரவுகள். மொத்தம் 237 பாடல்கள், ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. 'லான் பாய்' என்று சில நிமிடங்களே நீளும் சாதுவான பாட்டு ஒன்று உண்டு. அதை ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு விரித்து வாசித்ததும் அந்தத் தொடரில்தான். 'ஒரே பாட்டு' என்று எழுதியவர் இந்த 13 இரவுகளின் பட்டியலையாவது பார்த்திருக்கலாம்.

அரங்கத்தில் நீண்ட கம்பங்களில் மைக் ஏற்றி நிற்கிறவர்களைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. ரசிகர்கள் கச்சேரியைப் பதிவுசெய்ய ஃபிஷ் அனுமதிக்கிறது. காசுக்கு விற்கக் கூடாது, பகிர்ந்துகொள்ளலாம், அவ்வளவுதான் நிபந்தனை. ஃபிஷுக்கு முன்பே இதே வழியில் நடந்த ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் 1984இல் இப்படிப் பதிவுசெய்கிறவர்களுக்கென்று தனி இருக்கைகளே ஒதுக்கியது. கேசட்டில் கைமாறி வந்த அந்தப் பதிவுகளால்தான் வானொலியின் தயவு இல்லாமலே இந்த இசை வளர்ந்தது.

போதைப்பொருள் பற்றி எழுதியது பொய் இல்லை. அது இருக்கிறது, அதனால் நாசமானவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எழுதுவதானால் முழுதாக எழுத வேண்டாமா? குழு 2004இல் பிரிந்தது. 2006 டிசம்பரில் அனஸ்டாசியோ போதை மருந்தோடு பிடிபட்டார். நீதிமன்றக் கண்காணிப்பில் சிகிச்சை முடித்து மீண்டார். 2009 மார்ச்சில் வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் குழு மறுபடி மேடை ஏறியது. 2023இல் அனஸ்டாசியோவின் அறக்கட்டளை வெர்மான்டின் லட்லோவில் ஒரு மறுவாழ்வு மையத்தைத் திறந்தது. இடைவேளையில் மஞ்சள் பலூன் கட்டிய ஒரு மேசையைத் தேடிப் போனால், போதையே தொடாமல் கச்சேரி கேட்கிற ரசிகர்கள் கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே நிற்பவர்களில் பலருக்கு அந்தப் பத்து நிமிடம் உயிர்நாடி.

கட்டுரையில் இருந்த 'நமக்குச் சம்பந்தமில்லாத சங்கீதம்' என்ற வரிக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். கிரேட்ஃபுல் டெட்டின் டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட் 1991இல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' தொகுப்பில் ஜாகிர் உசேனோடு கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். உலக இசைத் தொகுப்புக்கென்று முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கிராமி விருது அதற்குத்தான் கிடைத்தது.

அடுத்த கோடையில் இதே தலைப்பில் மறுபடி எழுதுவதாக இருந்தால், கட்டுரையாளரை அரங்கத்துக்கு உள்ளே அனுப்புங்கள். ஒரு இரவு போதாது, ஒரே ஊரில் அடுத்தடுத்து இரண்டு இரவுகள் இருக்கட்டும். போவதற்கு முன் தாஹோ 'ட்வீஸர்' பதிவை நடுவில் நிறுத்தாமல் ஒருமுறை கேட்டுவிட்டுப் போகட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
நியூ ஜெர்சி