ஹீத்ரோவிலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மகன் ஆக்ஸ்போர்டில் படிக்கிறான், மகளுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் வேலை, பேத்தியின் பட்டமளிப்புக்குப் போகிறோம் என்று எங்களிடம் டிக்கெட் எடுக்கிற குடும்பங்கள் உண்டு. விமானத்தைப் பற்றி இருபது கேள்வி கேட்பவர்கள்கூட, லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கியபின் ஆக்ஸ்போர்டு வரை எப்படிப் போவது என்பதைக் கடைசி நாளில்தான் கேட்கிறார்கள். "ஒரு வண்டி சொல்லிடுங்களேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நாங்களும் ஒரு வண்டி சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ஜனவரி மாதத்தில் நடந்த ஒன்று எங்களை மாற்றியது.

அந்தக் குடும்பத்தில் ஆறு பேர். தாத்தா, பாட்டி, கணவன், மனைவி, ஏழு வயதுப் பெண், இரண்டு வயதுப் பையன். ஏழு சீட் வண்டி போதும் என்று நாங்கள்தான் பதிவு செய்தோம். அவர்களிடம் எட்டுப் பெரிய சூட்கேஸ். ஏழு சீட் வண்டியில் கடைசி வரிசையை நிமிர்த்தினால் டிக்கியில் இரண்டு கைப்பெட்டிக்குத்தான் இடம் இருக்கும். அதை மடக்கினால் உட்கார ஆள் மிஞ்சிவிடும். கார் நிறுத்தத்தில், குளிரில், சுவெட்டரோடு நின்றுகொண்டு பெட்டிகளை ஏற்றி இறக்கி ஏற்றி அரைமணி நேரம் போயிற்று. கடைசியில் கணவர் நான்கு பெட்டிகளோடு இரண்டாவது வண்டி பிடித்தார். முதல் வண்டியில் பாட்டி வடாமும் ஊறுகாயும் வைத்த பையை மடியில் சுமந்தபடியே ஆக்ஸ்போர்டு வரை போனார். பையனுக்குக் குழந்தை இருக்கை இல்லை. "வழி முழுக்க அவனை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்" என்று அவன் அம்மா அன்று ராத்திரி போனில் சொன்னார். தவறு எங்களுடையது. தலைகளை எண்ணினோம், பெட்டிகளை எண்ணவில்லை. குழந்தையின் வயதைக் கேட்கவே இல்லை. இரண்டாவது வண்டிக்கான பணத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். ஆனால் அந்தப் பயணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லையே.

அதனால் இப்போது நாங்கள் முதலில் கேட்பது எத்தனை பேர் என்பதல்ல, எத்தனை பெட்டி என்பது. சில விமானங்களில் ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ வரை அனுமதி. அனுமதி இருந்தால் நம் வீடுகளில் அதை வீணாக்குவதில்லை. ஐந்தாறு பேர், ஏழெட்டுப் பெட்டி என்றால் எட்டுப் பேர் அமரும் வேன்தான் வேண்டும். அங்கே டாக்ஸி உரிமத்தில் ஓடும் வண்டிகளில் அதிகபட்சம் எட்டுப் பயணிகள்தான். அதற்கு மேல் ஆள் இருந்தால் மினிபஸ், அதற்கு வேறு உரிமம். எட்டு சீட் வேனிலும் எட்டுப் பேரை ஏற்றினால் பெட்டிக்கு இடம் குறையும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து குழந்தை இருக்கை. இங்கிலாந்துச் சட்டப்படி 12 வயது ஆகும்வரை அல்லது 135 செ.மீ. உயரம் வரும்வரை, இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரை, காரில் குழந்தைக்கு ஏற்ற இருக்கை வேண்டும். டாக்ஸிக்கும் மினிகேபுக்கும் (முன்பதிவு செய்து எடுக்கும் வாடகைக் கார்) ஒரு விலக்கு உண்டு. ஓட்டுநரிடம் சரியான இருக்கை இல்லையென்றால் குழந்தை பின் சீட்டில் இருக்கை இல்லாமலே போகலாம். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளை பெரியவர்களின் பெல்ட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும், மூன்றுக்குக் கீழ் என்றால் பெல்ட்கூட இல்லாமல். சட்டம் விடுகிறது என்பதால் நீங்கள் விட்டுவிடாதீர்கள். எம்40 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போகும் வண்டியில், திடீரென்று பிரேக் போட்டால் அம்மாவின் கை ஒரு குழந்தையைப் பிடித்து நிறுத்தாது. பதிவு செய்யும்போதே குழந்தையின் வயது, எடை, உயரம் மூன்றையும் சொல்லி இருக்கை கேளுங்கள். கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் பக்கத்துச் சீட்டில், ஏர்பேக் வேலை செய்யும் நிலையில், பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையை வைக்கவே கூடாது.

எல்லாருக்கும் தனி வண்டி தேவை என்று நாங்கள் சொல்லவில்லை. கைக்குழந்தை இல்லாத மூன்று நான்கு பேர், ஆளுக்கு ஒரு பெட்டி, முழங்கால் வலி இல்லாத பெரியவர்கள் என்றால் எங்கள் முதல் ஓட்டு கோச்சுக்குத்தான், அதாவது வெளியூர்ப் பேருந்துக்கு. 'தி ஏர்லைன்' என்ற பெயரில் ஹீத்ரோவிலிருந்து நேராக ஆக்ஸ்போர்டுக்கு இரவு பகலாக ஓடுகிறது. பெட்டி அடியில் போய்விடும், இடையில் வண்டி மாற வேண்டாம், சுமார் ஒன்றரை மணி நேரம். டெர்மினல் 2, 3-க்கு நடுவே உள்ள மத்தியப் பேருந்து நிலையத்திலும் டெர்மினல் 5-இலும் ஏறலாம். ஏர் இந்தியாவில் வருகிறவர்கள் டெர்மினல் 2-இலும், எமிரேட்ஸில் வருகிறவர்கள் 3-இலும் இறங்குவதால் நடந்தே நிலையத்துக்குப் போய்விடலாம். கத்தார், எத்திஹாத் விமானங்கள் டெர்மினல் 4-க்கு வருகின்றன. அங்கிருந்து ரயிலில் மத்திய நிலையத்துக்கு வர வேண்டும். டெர்மினல்களுக்கு இடையே அந்த ரயிலில் கட்டணம் இல்லை, ஆனால் பெட்டிகளோடு லிஃப்ட் ஏறி இறங்குவது உண்டு.

இன்னொன்று, கோச்சின் கடைசி நிறுத்தம் நகர மையத்தில் இருக்கும் குளோஸ்டர் கிரீன். ஆனால் அதற்கு முன்பே ஹெடிங்டனில் நிற்கும். ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனை, புரூக்ஸ் பல்கலைக்கழகம் எல்லாம் அந்தப் பக்கம்தான். மகள் வீடு ஹெடிங்டனில் இருக்க, நேராக குளோஸ்டர் கிரீன் வரை போய் டாக்ஸி பிடித்துத் திரும்பி வந்தவர்கள் உண்டு. பிள்ளைகளிடம் எந்த நிறுத்தம் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ரயில் வேகம் என்று எல்லாரும் சொல்வார்கள். லண்டனின் பேடிங்டன் ரயில் நிலையத்திலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு ஒரு மணி நேரம்தான். ஆனால் ஹீத்ரோவிலிருந்து பெரும்பாலும் முதலில் லண்டனுக்குள் பேடிங்டனுக்குப் போய் மாற வேண்டும். ஆக்ஸ்போர்டு இருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் போய்த் திரும்புவது போல. இரண்டு நாள் லண்டனில் தங்கிவிட்டுப் போகிறவர்களுக்கு ரயிலே சிறந்தது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட்டும் இல்லை. விமானத்திலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு வேண்டாம்.

வாடகைக் கார் எடுத்துத் தாமே ஓட்டலாமா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். நம் லைசென்ஸ் அங்கே 12 மாதம் செல்லும், சாலையும் நம்மைப் போல இடப்பக்கம்தான். ஆனால் பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து, தூக்கம் கெட்டு இறங்கிய அன்றே குடும்பத்தை வைத்துக்கொண்டு லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள். ஆக்ஸ்போர்டு பழைய ஊர், கல்லூரிகளுக்கு நடுவே குறுகிய தெருக்கள். ஹை ஸ்ட்ரீட்டில் பகலில் சாதாரணக் கார்கள் கடக்கக்கூடாத இடம் இருக்கிறது. கேமரா பிடித்தால் அபராதம் வீட்டுக்கு வரும்.

நேரத்தைப் பற்றி ஒன்று. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஹீத்ரோவின் தானியங்கிக் கதவுகள் திறக்காது, அதிகாரியைப் பார்த்தே வெளியே வர வேண்டும். வரிசை நீளமானால் பெட்டியும் எடுத்து வர இரண்டு மணி நேரம்கூட ஆகிவிடும். அதனால் விமானம் இறங்கும் நேரத்துக்கே வண்டி சொல்லாதீர்கள். ஒன்றரை மணி நேரம் தள்ளிச் சொல்லி, விமான எண்ணையும் கொடுங்கள். காத்திருப்புக்கும் கார் நிறுத்தத்துக்கும் தனிக் கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள். வெளியே வந்ததும் "டாக்ஸி வேணுமா" என்று அருகில் வருகிறவரோடு போகவே வேண்டாம். மினிகேப் என்றால் முன்பதிவு இருந்தே ஆக வேண்டும். லண்டனின் மீட்டர் டாக்ஸியான கருப்பு டாக்ஸியில் ஏறுவதாக இருந்தால், ஆக்ஸ்போர்டு லண்டன் எல்லைக்கு வெளியே என்பதால், கட்டணத்தைப் பேசிக்கொண்டு ஏறுங்கள்.

தமிழ் ஆர்வமுள்ள பெரியவர்கள் சிலர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம். ஜி. யு. போப் அடக்கமாகியிருப்பது ஆக்ஸ்போர்டில்தான், வால்டன் தெருவை ஒட்டிய செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில். குளோஸ்டர் கிரீனிலிருந்து நடக்கிற தூரம். வந்து இறங்கிய அன்று வேண்டாம், களைப்பு தீர்ந்தபின் ஒரு நாள் போய் வாருங்கள்.

இந்த ஆண்டு போகிறவர்கள் டிக்கெட் எடுக்க வரும்போது நான்கு விவரம் கொண்டு வாருங்கள்: பெரிய பெட்டி எத்தனை, பிள்ளைகளின் உயரமும் எடையும், படி ஏற முடியாதவர் யாராவது இருக்கிறாரா, ஆக்ஸ்போர்டில் போய்ச் சேரும் வீட்டு முகவரி. போனில் சொன்னாலும் சரி. பெட்டி இன்னும் கட்டவில்லை என்றால், ஒன்றைக் கூட்டியே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பயண முகவர்கள்
தில்லைநகர், திருச்சி